பூச்சி தின்ற இலையும் வீடு வரும் நெல்லும்

நட்ட இருபதாம் நாள் வயலில் இறங்கிப் பார்க்கையில், இலைகள் நீளவாக்கில் சுருண்டு வெளுத்து நிற்பதைக் கண்டால் எந்த விவசாயியின் உள்ளமும் பதறவே செய்யும். உடனே மருந்துக் கடையை நாடுகிறோம். ஆனால் பூச்சி தின்ற இலையெல்லாம் நாம் இழந்த நெல் ஆகுமா? இக்கேள்விக்கு விடை காண உதவும் கணக்கு முறையொன்றை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். அதனைப் ‘பயிர் மாதிரி’ என்பர்.

பாவு ஓட்டுவதற்கு முன்பே, இழைகளின் எண்ணிக்கை, நூலின் நம்பர், பாவின் நீளம் ஆகியவற்றைக் கொண்டு எத்தனை கஜம் துணி கிடைக்கும் என்று நம் நெசவாளர்கள் கணித்துவிடுகின்றனர். பயிர் மாதிரியும் அத்தகையதே. விதைத்த நாள், நெல்லின் இரகம், தழைச்சத்தின் அளவு, அன்றாட வெப்பம், வெயில் ஆகியவற்றைக் கணிப்பொறியில் இட்டால், இலைகள் அன்று எவ்வளவு ஒளியைப் பெற்றன, எவ்வளவு உணவு தயாரித்தன, அது வேர், தண்டு, இலை, கதிர் என்று எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதை நாள்தோறும் அது கணக்கிட்டுச் செல்லும். பிலிப்பைன்ஸ் நாட்டின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தாரும் நெதர்லாந்து நாட்டு அறிஞர்களும் சேர்ந்து அமைத்து 2001இல் வெளியிட்ட ‘ஒரைசா 2000’ இவ்வகையில் பெயர் பெற்றது.

இக்கணக்கில் பூச்சியின் செலவையும் எழுதலாம். இலைச்சுருட்டுப்புழு இலைப் பரப்பைக் குறைக்கிறது. குருத்துப்பூச்சி தூர்களைக் குறைக்கிறது. புகையான் சாற்றை உறிஞ்சுகிறது. பூச்சியுடன் ஒரு முறையும், பூச்சியின்றி ஒரு முறையும் கணக்கை ஓட்டினால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடே உண்மையான நஷ்டம். அந்த நஷ்டம் மருந்துக்கும் கூலிக்கும் ஆகும் செலவைவிட மிகுந்தால்தான் தெளிப்பதில் பயனுண்டு.

இவ்வாறு கணக்கிடும்போது விளங்கும் உண்மை யாதெனில், ஒரே அளவு சேதம் எல்லாப் பருவத்திலும் ஒரே அளவு நஷ்டம் தருவதில்லை என்பதே. இளம் பயிரில் மேலிலை போனால் கீழிலைக்கு ஒளி கிட்டுகிறது. புதிய இலைகளும் தூர்களும் தோன்றிக் குறையை ஈடு செய்கின்றன. கதிர் வந்தபின் இவ்வழி இல்லை. மணிக்குப் பால் ஏற்றுவதில் கண்ணாடி இலைக்குப் பெரும் பங்குண்டு. அது கெட்டால் மணி சுருங்கும். வெண்கதிரான தூரும் மீளாது. ஆகவேதான் இலைச்சுருட்டுப்புழுவுக்கு வளர்ச்சிப் பருவத்தில் இலைச் சேதம் நூற்றுக்கு 10 என்றும், பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலைச் சேதம் நூற்றுக்கு 5 என்றும் வேளாண் துறையினர் எல்லை வகுத்துள்ளனர்.

அவசரத் தெளிப்பினால் பணம் மட்டுமா போகிறது? சிலந்தி முதலிய நன்மை செய்யும் உயிர்களும் மடிகின்றன. அவை அழிந்த வயலில் பின்னர்ப் புகையான் தடையின்றிப் பெருகுகிறது.

கணிப்பொறி இல்லாத விவசாயிக்கும் இவ்வறிவு பயன்பட்டதற்கு வியட்நாம் சான்று. அந்நாட்டின் மீகாங் கழிமுகத்தில், விதைத்த முதல் 40 நாள்களுக்குள் இலைச்சுருட்டுப்புழுவுக்கு மருந்து வேண்டியதில்லை என்னும் ஒரே விதியை 1994 முதல் வானொலி நாடகங்கள் வாயிலாகவும் துண்டுப் பிரசுரங்கள் வாயிலாகவும் பரப்பினர். லாங் ஆன் மாகாணத்தில் ஒரு போகத்துக்குச் சராசரி 3.4 முறையாக இருந்த தெளிப்பு, சில ஆண்டுகளில் 1.6 ஆகக் குறைந்தது.

மாதிரி சோதிடம் அன்று. கொடுத்த விவரம் பிழையானால் விடையும் பிழையாகும். காற்றில் வந்திறங்கும் புகையானை வயலில் இறங்கித் தூரின் அடியைப் பார்த்தே அறிய இயலும். எனவே விதைத்த நாளையும் இரகத்தையும் குறித்து வைப்போம். வாரம் ஒரு முறை வயலின் பல இடங்களில் சேதத்தை எண்ணுவோம். எல்லையைக் கடந்தால் மட்டும் மருந்தை நாடுவோம். கடன் வாங்கித் தெளிக்கும் மருந்து கணக்குப் பார்த்துத் தெளித்ததாக இருக்கட்டும்.