இணைப்பைத் தொடரும் நிழல்

பயனுள்ள செய்தியொன்று கிடைத்தால் அதை உற்றார் உறவினருக்கு அனுப்பி வைப்பது நம் மக்களின் நல்ல வழக்கம். கம்மாபுரம் கடைத்தெருவிலும் நெய்வேலி நகரிய வட்டங்களிலும் நாள்தோறும் இது நடைபெறுகின்றது. தொழிற்பயிற்சி அறிவிப்பு, கல்லூரிச் சேர்க்கை விவரம், உடல்நலக் குறிப்பு ஆகிய யாவும் இன்று கைபேசியில் 'லிங்க்' எனப்படும் இணைப்பாகவே வந்து சேர்கின்றன. அவ்விணைப்பை நாம் தொடுகையில், நம்மைப் பற்றிய செய்தியொன்றும் எதிர்த்திசையில் புறப்பட்டுச் செல்கிறது என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

இது முற்றிலும் புதியதோர் உத்தியன்று. முற்காலப் பத்திரிகை விளம்பரங்களில் முகவரியோடு ஒரு பிரிவு எண்ணையும் அச்சிடும் வழக்கம் இருந்தது. வியாபாரி ஒரு பத்திரிகையில் ஓர் எண்ணையும், மற்றொன்றில் வேறோர் எண்ணையும் கொடுப்பார். வந்து சேரும் அஞ்சலட்டைகளைப் பிரித்து எண்ணினால், எந்த விளம்பரம் பலன் தந்தது என்பது விளங்கிவிடும். ஆயினும் அஞ்சலட்டை எழுதியவர் தம் பெயரையும் ஊரையும் தாமே விரும்பித் தந்தார் என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

இன்றைய இணைப்பிலும் அத்தகைய குறி உண்டு. முகவரியின் இறுதியில் ஒரு வினாக்குறியும், அதன்பின் நீண்டதோர் எழுத்துத் தொடரும் இருப்பதைப் பலரும் கண்டிருப்பர். அவற்றுள் 'யு.டி.எம்.' எனத் தொடங்குவன ஒரு வகை. 'அர்ச்சின்' என்னும் நிறுவனம் வகுத்த முறை இது. அந்நிறுவனத்தைக் கூகுள் 2005-ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கியது. ஒரே கட்டுரையைப் பேஸ்புக்கில் ஒரு குறியோடும், வாட்ஸ்அப்பில் மற்றொரு குறியோடும் வெளியிட்டால், எவ்வழியே எத்தனை பேர் வந்தனர் எனக் கணக்கிடலாம். நெய்வேலியில் துணிக்கடை நடத்துபவர் தம் விளம்பரச் செலவு வீணாயிற்றா என அறிய விரும்புவதில் குற்றமில்லை. தலைகளை எண்ணுவது வேறு. முகங்களைக் குறித்து வைப்பது வேறு.

இரண்டாம் வகைக் குறியோ முகத்தை நாடுவது. 2018 முதல் பேஸ்புக் தன்னிடமிருந்து வெளியேறும் இணைப்புகளில் 'எப்.பி.கிளிட்' என்னும் குறியைச் சேர்த்து வருகின்றது. ஒவ்வொரு சொடுக்குக்கும் தனித்தனிக் குறி. சென்றடையும் தளத்திலும் அந்நிறுவனத்தின் கணக்கிடும் கருவி பொருத்தப்பட்டிருக்குமானால், இன்னார் இங்கு வந்தார், இதைப் பார்த்தார், இதை வாங்கினார் என்று இரண்டையும் பொருத்திப் பார்த்துவிடலாம். யூடியூப், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றில் பகிரும் பொத்தானை அழுத்தினாலும் இணைப்பின் இறுதியில் இத்தகைய குறி ஒட்டிக்கொள்கின்றது.

வாட்ஸ்அப் செய்திகள் 2016 முதல் முழுமையாக மறைகுறியாக்கப்பட்டவை. இடையில் எவரும் படிக்க இயலாது என்பர் சிலர். உண்மையே. ஆனால் உறை முத்திரையிடப்பட்டிருந்தாலும், உள்ளேயுள்ள தாளில் அடையாளக் குறி இருக்கின்றதன்றோ? உறையைப் பிரித்துத் தாளில் கண்ட முகவரிக்கு நாமே நடந்து செல்லும்போது, அக்குறியை நாமே கொண்டுபோய்க் கொடுக்கின்றோம்.

இதனால் என்ன கேடு என்று கேட்கலாம். ஒரு கைபேசியை மூவர் பயன்படுத்தும் இல்லத்தை எண்ணிப் பார்ப்போம். சுரங்கத்தில் ஒப்பந்தப் பணி செய்யும் தந்தை கடன் பற்றிய இணைப்பொன்றைத் தொடுகிறார். தாய் தம் நோயைப் பற்றிய குறிப்பொன்றைத் திறக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் மகள் கல்விக்கடன் பற்றித் தேடுகிறாள். சில நாட்களில் அக்கைபேசியில் அதிக வட்டிக்கு உடனடிக் கடன் தருவோரின் விளம்பரமும், நோய் தீர்ப்பதாகக் கூறும் மருந்தின் விளம்பரமும் வரிசையாகத் தோன்றக்கூடும். தாய் எவரிடமும் சொல்லாத நோயை மகள் விளம்பரத்தின் வாயிலாக அறிய நேரிடலாம். குடும்பத்தின் வறுமையும் பிணியும் அக்குடும்பத்தார் வாய் திறந்து சொல்லுமுன்பே சந்தைப் பொருளாகிவிடுகின்றன. கேடு இதுவே.

நம் நாட்டுச் சட்டம் இதைக் காணாமல் இல்லை. தனிமறைவு அடிப்படை உரிமையே என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று தீர்ப்பளித்தது. 2023-இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்றும், சில விதிவிலக்குகள் தவிர அவர்களைப் பின்தொடர்தலும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்தலும் கூடாதென்றும் அச்சட்டம் கூறுகின்றது. பெற்றோர் அறிய வேண்டிய பகுதி இது. ஒப்புதல் கேட்கும் கட்டத்தைப் படியாமல் அழுத்திவிடுவோமாயின், சட்டம் தரும் காவலை நாமே நீக்கிவிட்டவர்களாவோம்.

இல்லத்திலேயே செய்யத்தக்கவை சில உள்ளன. இணைப்பை அனுப்புமுன் 'யு.டி.எம்.', 'எப்.பி.கிளிட்' எனத் தொடங்கும் பகுதியை அழித்துவிடலாம். வினாக்குறிக்குப் பின்வரும் அனைத்தையும் அழித்தலாகாது. சில முகவரிகளுக்கு அதுவே உயிர். ஆதலால் அழித்தபின் ஒருமுறை திறந்து பார்த்து அனுப்புதல் நலம். பயர்பாக்ஸ் உலாவி 2022 முதல் இக்குறிகளுட் சிலவற்றை நீக்கும் வசதியைத் தருகின்றது; ஆப்பிள் கைபேசிகளிலும் 2023 முதல் அத்தகைய வசதி உண்டு. நோய், கடன் போன்றவை பற்றி அறிய வேண்டின், வந்த இணைப்பைத் தொடாமல் உரிய தளத்தின் முகவரியை நாமே தட்டெழுதிச் செல்லுதல் இன்னும் சிறந்தது.

இவற்றைப் பிள்ளைகளுக்குப் பெற்றோரும், கைபேசி பழகாத பெற்றோருக்குப் பிள்ளைகளும் கற்றுக் கொடுக்கட்டும். வீட்டுச் செய்தியை வீதியில் பேசாதே என்று நம் முன்னோர் சொல்லி வளர்த்தனர். இன்று வீதி நம் உள்ளங்கைக்கே வந்துவிட்டது, அவ்வளவே வேறுபாடு.