கறுப்பு மை மனிதர்கள் – 7: வேதாளத்தைத் தூக்கிய கோடு

சென்ற வாரம் அமெரிக்காவின் ஜோ சின்னாட்டைப் பற்றிப் பார்த்தோம். ஜாக் கிர்பி பென்சிலில் வரைந்த ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ சித்திரக்கதைப் பக்கங்களுக்கு, நியூயார்க் மாநிலத்தின் சாகர்டீஸ் என்ற சிற்றூரில் இருந்தபடி மை தீட்டியவர் அவர். அதைப் படித்துவிட்டு, வேளச்சேரி விஜயநகரில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்டார்: “ஒருத்தர் பென்சில்ல எல்லாத்தையும் வரைஞ்சு முடிச்சிட்டா, மை போடறவருக்கு அப்புறம் என்ன சார் வேலை? மேலேயே இழுக்கறதுதானே?”

பதில் அவர் வீட்டு அலமாரியிலேயே இருந்தது. அவருடைய அப்பா பைண்டு செய்து வைத்த அம்புலிமாமா தொகுப்பு அது. விக்கிரமாதித்தன் கதைக்கான தலைப்புப் படத்தைப் பிரித்தோம். தோளில் பிணம், கையில் உருவிய வாள், காலடியில் மண்டையோடுகள். லென்ஸ் வைத்துப் பார்த்தால், நிழல் என்று நாம் நினைத்த இடங்களில் நிழலே இல்லை. நெருக்கமாக இழுத்த கோடுகள்தான் இருக்கின்றன.

அதற்குக் காரணம் அன்றைய அச்சு முறை. கோட்டுச் சித்திரத்தைப் படமெடுத்து, துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்து ‘பிளாக்’ செய்வார்கள். அந்தத் தகட்டுக்குக் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே தெரியும். பென்சிலின் மெல்லிய சாயல் அதில் ஏறாது. எந்தக் கோடு தடிக்க வேண்டும், எது இழையாக மெலிய வேண்டும், இருட்டு எங்கே முடிய வேண்டும் என்பதையெல்லாம் மை தீட்டுபவர்தான் தீர்மானிக்க வேண்டும். வாசகனின் கைக்கு வருவது அந்தத் தீர்மானம்தான், பென்சில் அழிந்துபோகும்.

இந்தப் படத்தின் சொந்தக்காரர் ‘சங்கர்’ என்ற கே.சி. சிவசங்கரன். 1924-ல் கொங்கு நாட்டுக் காரத்தொழுவு கிராமத்தில் பிறந்து, சென்னையில் படித்தவர். சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த காலத்தில், சென்னை அரசு ஓவியப் பள்ளியில் பயின்றார். 1946-ல் கலைமகளில் சேர்ந்தார். 1952-ல் அம்புலிமாமாவுக்கு வந்தார். நாகி ரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் தொடங்கிய பத்திரிகை அது.

மாதாமாதம் புத்தகங்கள் குவிந்த அமெரிக்காவில் பென்சில் ஒருவருக்கு, மை இன்னொருவருக்கு, எழுத்து மூன்றாமவருக்கு என்று வேலையைப் பிரித்தார்கள். வடபழனியில் சங்கர் தன் படத்துக்குத் தானே மை தீட்டினார். கிர்பியும் சின்னாட்டும் இருவராகச் செய்ததை ஒருவராகச் செய்தார்.

இன்னொரு பொறுப்பும் அவர் தலையில் இருந்தது. தமிழ், தெலுங்கு, இந்தி என்று எழுத்து மாறினாலும், பன்னிரண்டு மொழிகளுக்கு மேல் போன பதிப்புகளில் படம் அதேதான். உஜ்ஜயினி ராஜாவைத் தமிழ்க் குழந்தையும் வங்காளக் குழந்தையும் தன் ராஜாவாகவே பார்த்தது என்றால், அது சங்கரின் கைவேலை. இந்திய மொழிகளுக்கு இடையே இவ்வளவு பெரிய பாலத்தைப் பேனா முனையில் கட்டியவர்கள் வெகு சிலரே.

சின்னாட் 2019 வரை ‘ஸ்பைடர்மேன்’ ஞாயிறு பக்கங்களுக்கு மை தீட்டினார். 2020 ஜூனில், 93 வயதில் மறைந்தார். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள், அம்புலிமாமா நிற்கும்வரை அதற்கு வரைந்த சங்கர், அதே ஆண்டு செப்டம்பரில் 96 வயதில் காலமானார். பத்மஸ்ரீ விருது அடுத்த ஆண்டு அறிவிக்கப்பட்டபோது அதைக் கேட்க அவர் இல்லை.

சின்னாட் மை தீட்டிய மூலப் பக்கங்களை அங்கே ஏலத்தில் போட்டி போட்டு வாங்குகிறார்கள். நம் ஓவியர்களின் அசல் தாள்களுக்கு, பொதுமக்கள் போய்ப் பார்க்கும்படி ஒரு நிரந்தரக் கூடம் சென்னையில் வேண்டும். அது வரும்வரை நம் பங்கு இதுதான்: வீட்டில் பழைய தொகுப்பு இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். அடுத்த முறை குழந்தைக்கு வேதாளக் கதை சொல்லும்போது, படத்தை வரைந்தவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

(அடுத்த வாரம்: இரும்புக்கை மாயாவிக்கு உருவம் கொடுத்த ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ)