தாராவியைச் சென்னையில கட்டினவர்!

மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் ஒரு பழைய வீடு. தேஞ்சுபோன திண்ணை, சுவர்ல மழைத்தண்ணி இறங்கின கறை, மீட்டர் பாக்ஸ்ல ஒட்டடை. நாம பாட்டுக்குத் தாண்டிப் போயிடுவோம். அதே வீட்டை ஸ்டுடியோவுல கட்டச் சொன்னா? அந்தக் கறை எந்த உயரத்துல நிக்கணும்னு யோசிக்கிறவர்தான் கலை இயக்குநர். ஸ்டைலா சொன்னா, புரொடக்‌ஷன் டிசைனர்!

'நாயகன்' (1987) தாராவி ஞாபகம் இருக்கா? மும்பையில எடுத்தது கொஞ்சம்தான். பாக்கி, நம்ம சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் போட்ட செட்! அதுக்காக தேசிய விருது வாங்கினார் தோட்டா தரணி. 'இந்தியன்' (1996) இன்னொரு விருது கொடுத்தது. 2001-ல் பத்மஸ்ரீ. வால்பாறையில் பிறந்த சாபு சிரில், 'எந்திரன்' (2010) வரைக்கும் நாலு தேசிய விருது வாங்கியவர். ரெண்டு பேருமே சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி மாணவர்கள்!

வேலை என்ன? ஸ்கிரிப்ட்டை சீன் சீனா பிரிச்சு இடம், காலம், பொருள்னு லிஸ்ட் போடணும். அப்புறம் ஸ்கெட்ச், அளவோட பிளான், பட்ஜெட். வெளிச்சம் எங்கிருந்து வரும், எந்தச் சுவரைக் கழட்டணும்னு கேமராமேன்கிட்ட பேசணும். அதுக்கப்புறம்தான் கார்பென்டர், மோல்டர், பெயின்டர் எல்லாம். பிளைவுட்டும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் சேர்ந்து சுவரானதும், புதுசா இருக்கிறதைப் பழசாக்கணும். நிஜமான சவாலே அங்கதான்!

ஓவியம் படிச்சவங்க மட்டுமில்ல, ஆர்க்கிடெக்சர், விஸ்காம் ஆட்களும் இதுக்கு வர்றாங்க. ஆனா ஒண்ணு பாஸ்... ஆரம்பத்துல அசிஸ்டென்ட்டாத்தான் இருக்கணும். மாசம் பொறந்தா சம்பளம்னு நம்பி இருக்க முடியாது. ராத்திரி பகலா கட்டினது, ஷூட்டிங் முடிஞ்சா கண்ணு முன்னாடியே இடிஞ்சு விழும். 'பிள்ளை என்ன வேலை பார்க்குது?'னு சொந்தக்காரங்க கேட்டா அம்மாவுக்குச் சொல்லத் தெரியாது. இதையெல்லாம் யோசிச்சுட்டு இறங்குங்க.

நமக்குச் செட் ஆகுமானு பார்க்க ஒரு டெஸ்ட். தி.நகர்லயோ அடையார்லயோ ஒரு டீக்கடையைப் பாருங்க. அது 1975-ல் எப்படி இருந்திருக்கும்? ஃப்ளெக்ஸ் போர்டு, எல்.இ.டி. பல்பு, க்யூ.ஆர். கோட் அட்டை... எதையெல்லாம் எடுக்கணும், அந்த இடத்துல என்ன வைக்கணும்? வரைஞ்சுட்டு, அந்தக் காலத்துல டீ குடிச்ச ஒரு தாத்தாகிட்ட காட்டுங்க. அவர் தப்புக் கண்டுபிடிக்காம பழைய கதை பேச ஆரம்பிச்சுட்டார்னா, நீங்க பாஸ்!