மாத்திரை ‘கேட்க’ ஏன் சில வாரம் ஆகிறது?

“பத்து நாளா போடுறேன் டாக்டர், ஒண்ணும் கேக்கலையே!” காரைக்குடியோ சென்னையோ, மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கியவர்கள் வழக்கமாகச் சொல்லும் புகார் இது. சிலர் அதோடு நிறுத்தியும் விடுகிறார்கள். சிக்கல் அங்கேதான்.

உடம்பில் நடப்பது என்ன?

மேனேஜர் திட்டினாலோ, இஎம்ஐ தேதி நெருங்கினாலோ மூளையின் ஹைபோதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பிக்குத் தகவல் அனுப்பும். பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்டும். அங்கிருந்து கார்ட்டிசோல் சுரக்கும். ரத்தத்தில் சர்க்கரை ஏறும், உடம்பு உஷாராகும்.

கார்ட்டிசோல் போதிய அளவு வந்ததும் மூளையில் உள்ள ஏற்பிகள் அதை உணர்ந்து ‘போதும்’ என்று பிரேக் போடும். மனச்சோர்வு உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு இந்த பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை. நள்ளிரவில் இறங்க வேண்டிய கார்ட்டிசோல் இறங்காமல் நிற்கும்.

மாத்திரை என்ன செய்கிறது?

எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்றவை முதல் சில மணி நேரத்திலேயே செரட்டோனினில் வேலையைத் தொடங்கிவிடும். தொடக்கத்தில் கார்ட்டிசோல் கொஞ்சம் கூடவும் செய்யலாம். முதல் வாரத்தில் சிலருக்குப் படபடப்பும் தூக்கக் குறைவும் வரும். நாள் போகப் போக ஏற்பிகளின் உணர்திறன் திரும்பி, பிரேக் மெல்லப் பிடிக்கும். பலன் தெரிய சில வாரம் ஆவதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கங்களில் இதுவும் ஒன்று. முழுப் பலனுக்கு 4 முதல் 6 வாரம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்.

அல்பிரசோலம் கதையே வேறு. கார்ட்டிசோலையும் பதற்றத்தையும் சட்டென்று இறக்கும். ஆனால் உடம்பு சீக்கிரம் பழகிவிடும். தொடர்ந்து எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் பதற்றம் முன்பைவிட வேகமாகத் திரும்பும், வலிப்புகூட வரலாம். அதனால்தான் இது ‘ஷெட்யூல் எச்1’ பட்டியலில் இருக்கிறது. சீட்டு இல்லாமல் மெடிக்கலில் விற்கக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது

* ‘கேக்கலை’ என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், டோஸைக் கூட்டாதீர்கள். நிறுத்துவதானாலும் டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான்.
* ஆஸ்துமா, மூட்டுவலிக்கு ஸ்டீராய்டு எடுத்தால் மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள். அதுவும் கார்ட்டிசோல் வகைதான், மனநிலையை மாற்றக்கூடும்.
* படபடப்பு அதிகமானாலோ, தற்கொலை எண்ணம் வந்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம்.

காரைக்குடி பகுதியினர் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் எண் 14416-இல் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலேயே பேசலாம்.