மாயமும் மருட்கையும்

மாயாவி ஒருவனின் ஆற்றலைச் சொல்லாற் காட்டுதல் எளிதன்று. 'அளவற்ற வலியன்', 'ஒப்பற்ற வித்தையன்' என அடைமொழிகளை எத்துணை அடுக்கினும், படிப்போர் நெஞ்சில் உருவம் எதுவும் எழுவதில்லை. புராணங்களிலும் இத்தகைய மிகைக்கூற்றன்றி வேறில்லை எனக் கருதி, அவற்றைக் கல்லாமலே ஒதுக்கும் மாணவர் உளர். பெரும்புலவர்கள் மாயத்தைப் பாடிய திறம் அவ்வெண்ணத்தை மாற்றவல்லது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில், மருட்கை தோன்றும் நிலைக்களங்களாகப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கினைக் கூறுவர். ஆக்கமாவது ஒன்று பிறிதொன்றாகத் திரிதல். மாயாவியின் தொழில் இதுவே. மருட்கையோ காண்போரிடத்து நிகழ்வது. ஆகவே, மாயத்தின் வலிமையைத் திரிந்த பொருளிலும், அதனைக் கண்டோர் நிலையிலும் வைத்துக் காட்டுதலே புலவர் கடனாகும்.

முதலாவதற்குக் கச்சியப்ப சிவாசாரியரின் கந்தபுராணம் சான்று. யுத்த காண்டத்திலே சூரபன்மன் கடல் நடுவே மாமரமாகி நிற்கின்றான். அதன் தளிர் நெருப்பை ஒக்கும். தழை புகையை ஒக்கும். பூங்கொத்துப் பொன்னையும், காய் மரகதத்தையும், கனி செம்மணியையும் ஒக்கும். மாவின் இயல்பான நிறங்கள் இவற்றுள் மாறவில்லை. எனினும், தீயிலும் புகையிலும் போர்க்களம் புலனாகின்றது. பொன்னிலும் மணியிலும் வீரமகேந்திரபுரத்துச் செல்வம் ஒளிர்கின்றது. உருவம் மாறியும் உள்ளிருப்பவன் மறையவில்லை. 'பெரியதொரு மரம்' என்று மட்டும் கூறியிருப்பின் இவ்வச்சம் பிறவாது.

இரண்டாவதற்குக் கம்பரின் மாயாசனகப் படலம் சான்று. மருத்தன் என்னும் அரக்கன் சனகன் உருக்கொண்டு, கட்டுண்டவனாகச் சீதை முன் கொணரப்படுகின்றான். அவன் உருமாறிய முறையினும், தந்தையின் நிலைகண்ட மகளின் துயரமே ஈண்டு பெரிதாகப் பேசப்படுகின்றது. வந்தவன் சனகனல்லன் என்பதைப் படிப்போர் முன்னரே அறிவர், அறிந்தும் கலங்குவர். அக்கலக்கமே அம்மாயத்தின் அளவுகோல்.

இவ்விரு புலவரும் மாயத்தின் எல்லையையும் மறவாது காட்டினர். எல்லையில்லா ஆற்றல் கதையில் வியப்பைத் தாராது. எதனையும் செய்ய வல்லவன் எதனைச் செய்யினும் புதுமையின்று. சீதையின் கண் ஏமாந்தது; உறுதி ஏமாறவில்லை. தந்தையின் உயிரைக் காட்டி மருட்டியும் அவள் இராவணனுக்கு இணங்கினாளல்லள். சூரனுடைய மாமரமும் முருகன் விடுத்த வேலாற் பிளவுண்டது.

ஐப்பசித் திங்களிற் கந்தசஷ்டியின்போது ஆலயங்களில் நிகழும் சூரன்போரிலே, சூரனின் தலை மாறுவதையும் மாங்கொம்பு தோன்றுவதையும் சிறுவரும் கண்டு மகிழ்வர். அதன் முடிவில் வருவன மயிலும் சேவலும். அதுவும் ஓர் ஆக்கமே. ஆயின், அது சூரனின் வஞ்சத்தால் விளைந்ததன்று, முருகனின் அருளால் விளைந்தது. மாயாவி தன்னைப் பல உருவங்களாக மாற்றினான். பகைமையை மாற்ற அவனால் இயலவில்லை. அதனை மாற்றியது வேல். மாயத்தின் பெருமையைப் புலவர் இத்துணை விரித்துரைத்தது, அதனினும் பெரிய ஆற்றல் ஒன்றைப் படிப்போர் உணர்தற்பொருட்டே என்க.