யூத - கிறிஸ்தவ உரையாடல்: கைகுலுக்கலுக்குப் பின்னால் உள்ள மூன்று கேள்விகள்

சர்வமத உரையாடல் என்றதும் நமக்கெல்லாம் ஒரே காட்சிதான் ஞாபகத்துக்கு வரும். நான்கு மதத் தலைவர்கள் ஒரே வரிசையில் அமர்ந்திருப்பார்கள். தத்தமது மார்க்கம் சமாதானத்தையே போதிக்கிறது என்று ஒவ்வொருவரும் பத்து நிமிடம் பேசுவார்கள். பிறகு தேநீர், குழுப் புகைப்படம், மறுநாள் பத்திரிகையில் செய்தி. அங்கிருந்தவர்கள் உண்மையில் ஒருவரைப் பற்றி ஒருவர் என்ன நம்புகிறார்கள் என்ற கேள்வி மட்டும் மேடைக்கு வருவதில்லை.

அந்தக் கேள்வி மேடைக்கு வந்தால் என்ன நடக்கும்? கடந்த அறுபது ஆண்டுகளாக யூதர்களுக்கும் கத்தோலிக்க திருச்சபைக்கும் இடையில் நடந்துவரும் உரையாடல் அதற்கு நல்ல உதாரணம். பலமுறை முறியும் நிலைக்குப் போய்த் திரும்பிய உரையாடல் அது. அதைத் தொடக்கிவைத்த ஆவணத்தில் முஸ்லிம்களைப் பற்றிய பகுதியும் உண்டு என்பதால், நாமும் அதை அறிந்து வைத்திருப்பது அவசியம்.

1965 இல் நடந்தது என்ன?

ஈஸா (அலை) அவர்கள் கொல்லப்படவுமில்லை, சிலுவையில் அறையப்படவுமில்லை என்பது நமது நம்பிக்கை. ஆனால் ஐரோப்பாவில் 'இயேசுவைக் கொன்றவர்கள்' என்ற பழி நூற்றாண்டுக் கணக்கில் யூதர்கள் மீது சுமத்தப்பட்டிருந்தது. அவர்கள் ஊர்களிலிருந்து துரத்தப்பட்டதற்கும் வீடுகள் எரிக்கப்பட்டதற்கும் அதுவே நியாயமாகச் சொல்லப்பட்டது. ஹிட்லரின் ஆட்சியில் சுமார் 60 இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட பிறகுதான் கிறிஸ்தவர்களில் பலர் தமது போதனைகளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜூல் ஐசாக் என்ற பிரெஞ்சு யூத வரலாற்றாசிரியர், தனது மனைவியையும் மகளையும் நாஸிகளிடம் பறிகொடுத்தவர். அவர் 1960 ஜூன் மாதம் பாப்பரசர் 23ஆம் ஜோனைச் சந்தித்து, யூதர்களை இழிவுபடுத்தும் போதனையைத் திருத்துமாறு கேட்டார். அதன் தொடர்ச்சியாக, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 ஒக்டோபர் 28 அன்று 'நொஸ்ட்ரா எடாட்டே' என்ற பிரகடனத்தை நிறைவேற்றியது. ஆதரவாக 2,221 வாக்குகளும் எதிராக 88 வாக்குகளும் கிடைத்தன. இயேசுவின் மரணத்துக்கு அக்காலத்து யூதர்கள் அனைவரையுமோ இன்றைய யூதர்களையோ பொறுப்பாக்க முடியாது என்று அது அறிவித்தது.

இதன் முதல் வரைவு யூதர்களைப் பற்றி மட்டுமே பேசியது. அரபுலகம் இதை இஸ்ரேலுக்கான ஆதரவாகவே எடுத்துக்கொள்ளும், அதன் விளைவைத் தமது மக்களே சுமக்க நேரும் என்று மத்திய கிழக்கின் ஆயர்கள் அஞ்சினார்கள். அந்த விவாதத்தின் ஊடாகத்தான் ஏனைய மதங்களும் பிரகடனத்தில் இடம்பெற்றன. முஸ்லிம்களைத் திருச்சபை மதிப்புடன் நோக்குகிறது என்ற வாசகமும் அவ்வாறே சேர்ந்தது. ஆக, முதல் நாளிலிருந்தே இந்த உரையாடலில் அரசியலும் ஒரு பங்காளிதான்.

முதல் கேள்வி: மதமாற்றம்

பிரகடனத்தின் 1964ஆம் ஆண்டு வரைவொன்றில், யூதர்கள் ஒருநாள் திருச்சபையுடன் இணைவார்கள் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. அமெரிக்க யூத அறிஞர் ஏப்ரஹாம் ஜோசுவா ஹெஷல் இதைக் கடுமையாக எதிர்த்தார். மதம் மாறுவதா, ஆவுஷ்விட்ஸ் வதைமுகாமுக்குப் போவதா என்று கேட்டால் தான் இரண்டாவதையே தெரிவு செய்வேன் என்றார். இறுதி ஆவணத்தில் அந்த வாசகம் இடம்பெறவில்லை.

அதே ஆண்டில் இன்னொரு பெரும் ரப்பியான ஜோசப் சொலோவைச்சிக் வேறொரு நிலைப்பாட்டை எடுத்தார். வறுமை, அநீதி, மனித கௌரவம் ஆகியவற்றில் ஒன்றாக உழைக்கலாம். நம்பிக்கைக் கோட்பாடுகளைப் பேச்சுவார்த்தை மேசையில் வைக்க முடியாது என்றார். பல ஒர்தடொக்ஸ் யூதர்கள் இன்றும் அந்த எல்லையைத் தாண்டுவதில்லை.

பிரச்சினை அதோடு முடியவில்லை. பெரிய வெள்ளி வழிபாட்டில் யூதர்களுக்காக ஒரு பிரார்த்தனை உண்டு. அதன் பழைய இலத்தீன் வடிவத்தில் யூதர்களை விசுவாசமற்றவர்கள் எனக் குறிக்கும் சொல் இருந்தது. 1959 இல் 23ஆம் ஜோன் அதை நீக்கினார். 1970 இல் வந்த புதிய வடிவம், யூதர்கள் தமது உடன்படிக்கையில் உறுதியாக நிலைத்திருக்க வேண்டும் என்றே பிரார்த்தித்தது. ஆனால் 2007 இல் பாப்பரசர் 16ஆம் பெனடிக்ட் பழைய இலத்தீன் வழிபாட்டைப் பரவலாக அனுமதித்தார். 2008 பெப்ரவரியில் அதற்கென அவர் எழுதிய புதிய பிரார்த்தனை, யூதர்கள் இயேசுவை இரட்சகராக ஏற்கும்படி அவர்களின் உள்ளங்களை ஒளிரச் செய்யுமாறு இறைவனிடம் கேட்டது.

மேடையில் சகோதரர் என்கிறீர்கள், வணக்கத்தில் எங்களை மாற்றச் சொல்லிக் கேட்கிறீர்களே என்பதுதான் யூதர்களின் ஆதங்கம். 2009 ஜனவரியில் இத்தாலியில் நடைபெறவிருந்த வருடாந்த யூத - கத்தோலிக்க உரையாடல் தினத்தை இத்தாலிய ரப்பிமார் பகிஷ்கரித்தார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் பெனடிக்ட் உரோமை நகரின் யூத ஆலயத்துக்கு நேரில் சென்றார். யூதர்களை இலக்காகக் கொண்ட நிறுவன ரீதியான மதமாற்றப் பணியைத் திருச்சபை நடத்துவதுமில்லை, ஆதரிப்பதுமில்லை என்று 2015 இல் வத்திக்கான் ஆவணமொன்று எழுத்தில் சொன்னது.

இரண்டாம் கேள்வி: யாருடைய துயரம்?

1984 இல் கார்மேல் சபைக் கன்னியாஸ்திரிகள் ஆவுஷ்விட்ஸ் முகாமின் ஓரத்திலிருந்த கட்டடமொன்றில் மடம் அமைத்தார்கள். இறந்தவர்களுக்காகப் பிரார்த்திப்பதே அவர்களது நோக்கம். போலந்துக் கத்தோலிக்கர்களும் அங்கு ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டவர்கள்தான். ஆனால் யூதர்களின் மாபெரும் மயானத்தின் மீது சிலுவை நிழல் விழுவதாக யூதர்கள் உணர்ந்தார்கள். மடத்தை இரண்டு ஆண்டுகளில் அகற்றுவதாக 1987 இல் உடன்பட்டும் அது நடக்கவில்லை. 1993 இல் பாப்பரசர் இரண்டாம் ஜோன் போல் தலையிட்ட பிறகே கன்னியாஸ்திரிகள் இடம்மாறினார்கள்.

நல்லெண்ணமும் காயப்படுத்தக் கூடும் என்பதை இச்சம்பவம் காட்டுகிறது. அதேவேளை, யுத்த காலப் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் யூதர்களுக்காக உரத்துப் பேசினாரா என்ற சர்ச்சையும் ஓயவில்லை. அவரது காலத்து ஆவணக் காப்பகத்தை வத்திக்கான் 2020 மார்ச்சில்தான் ஆய்வாளர்களுக்குத் திறந்தது.

மூன்றாம் கேள்வி: பலஸ்தீன்

யூதர்களில் பலருக்கு இஸ்ரேல் வெறும் அரசல்ல, தமது அடையாளத்தின் ஒரு பகுதி. வத்திக்கானோ 1993 டிசம்பரில்தான் இஸ்ரேலுடன் அடிப்படை உடன்படிக்கை செய்தது. மறுபுறம், ஆக்கிரமிப்பின் கீழ் வாழும் பலஸ்தீனக் கிறிஸ்தவர்கள் 2009 இல் 'கைரோஸ் பலஸ்தீன்' என்ற ஆவணத்தை வெளியிட்டு, உலகத் திருச்சபைகளின் மனச்சாட்சியிடம் முறையிட்டார்கள். ஐரோப்பா செய்த பாவத்துக்கு நாங்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும் என்பதே அவர்களது ஆதங்கம்.

2014 இல் அமெரிக்காவின் பிரஸ்பிட்டீரியன் திருச்சபை, ஆக்கிரமிப்புடன் தொடர்புடைய மூன்று நிறுவனங்களிலிருந்து தனது முதலீட்டை மீளப்பெறுவதா என்று வாக்கெடுத்தது. 310க்கு 303 என்ற கணக்கில் அது நிறைவேறியது. பல யூத அமைப்புகள் அதை நட்புக்குச் செய்த துரோகமாகப் பார்த்தன. காஸா யுத்தத்தில் இது இன்னும் கூர்மையடைந்தது. காஸாவிலுள்ள சிறிய கத்தோலிக்கப் பங்குக்குத் தொடர்ந்து தொலைபேசியில் பேசிவந்த பாப்பரசர் பிரான்சிஸ், 2024 பெப்ரவரியில் இஸ்ரேலிலுள்ள யூதர்களுக்குக் கடிதம் எழுதி யூத வெறுப்பைப் பாவமெனக் கண்டித்தார். அதே ஆண்டு நவம்பரில், காஸாவில் நடப்பது இனப்படுகொலையா என்று ஆராய வேண்டும் என்ற அவரது கருத்தும் வெளியானது. இஸ்ரேலிய தரப்பு அதற்குக் கடும் ஆட்சேபம் தெரிவித்தது.

இவை இரண்டும் முரணானவை என்று சிலர் சொல்கிறார்கள். நான் அவ்வாறு நினைக்கவில்லை. நியாயமான உரையாடலின் இலக்கணமே அதுதான். ஓர் அரசின் செயலுக்காக எங்கோ வாழும் சாதாரண யூதரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநீதி. யூதர்களின் நட்பு கெட்டுவிடும் என்று காஸாவைப் பற்றி மௌனமாக இருப்பதும் அநீதி. கடும் சொல் உரிய முகவரிக்குப் போக வேண்டும். அவ்வளவுதான்.

இதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? 2019 ஏப்ரலுக்குப் பிறகு, ஒரு சிறு கும்பல் செய்த கொடுமைக்காக ஒவ்வொரு முஸ்லிமும் தெருவிலும் கடையிலும் வைத்தியசாலையிலும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நமக்கு நேர்ந்ததை இன்னொரு சமூகத்துக்கு நாம் செய்யலாகாது. நமது குத்பாக்களிலும் முகநூல் பதிவுகளிலும் 'யூதர்' என்ற சொல்லையும் 'இஸ்ரேலிய அரசு' என்ற சொல்லையும் பிரித்துப் பயன்படுத்துகிறோமா என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போம்.

இன்னொன்றும் உண்டு. அந்த உரையாடல் அறுபது ஆண்டுகள் நிலைத்தது இனிமையாகப் பேசியதால் அல்ல. வணக்கத்தில் சொல்வதைப் பற்றிக் கேட்டார்கள், முடியாது என்று சொன்னார்கள், எழுந்து போனார்கள், திரும்பியும் வந்தார்கள். நமது நாட்டிலும் தஃவா பற்றி, பள்ளிவாசல்களில் பேசப்படுவது பற்றி, நம்மைக் குறித்து மற்றவர்கள் பரப்புவது பற்றிக் கேள்விகள் இருக்கின்றன. அவற்றை அடுத்த நெருக்கடி வரும்வரை தள்ளிப்போடாமல், அமைதி நிலவும் இந்த நாட்களிலேயே மேசைக்குக் கொண்டுவர வேண்டும். குழுப் புகைப்படத்தை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.