வெயிலில் வாடும் இளங்கன்றுகள்

கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் கிழக்கிலங்கை வீட்டுத் தோட்டங்களில் முதலில் வாடுபவை நாற்றுகள்தாம். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் தன் ஈரத்தை இறக்கிவிட்டு, வரண்ட வெப்பக் காற்றாகக் கிழக்கே வருகிறது. அதுதான் கச்சான். சம்மாந்துறை, அக்கரைப்பற்று, ஏறாவூர் வாசகிகளுக்கு அதன் கடுமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மழைக்கும் பூச்சிக்கும் பயந்து, பொலித்தீன் கூடாரம் அமைத்து மிளகாய், தக்காளி, கத்தரி நாற்றுகளை வளர்க்கிறீர்களா? சிலருக்கு இது கறிக்கு உதவும்; சிலருக்கு நாற்று விற்கும் காசுதான் வீட்டுச் செலவு. ஆனால் பாதுகாப்புக்காகப் போட்ட அதே கூடாரம், மூன்று வார உழைப்பை ஒரே நண்பகலில் கருக்கிவிடவும் கூடும்.

ஏன் இந்தச் சூடு?

சூரிய ஒளி பொலித்தீனை ஊடுருவி உள்ளே வருகிறது. மண்ணும் பைகளும் சூடாகி, அவற்றைத் தொடும் காற்றையும் சூடாக்குகின்றன. திறந்த வெளியில் அந்தச் சூடு காற்றோடு கலைந்துவிடும். கூடாரத்துக்குள் அதற்குப் போக வழியில்லை. கண்ணாடிகளை மூடி வெயிலில் நிறுத்திய வாகனத்தின் நிலைதான்.

தண்ணீர் மட்டும் போதுமா?

கன்று வாடியதும் நம் கை வாளியைத் தேடுகிறது. நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்வது உண்மையே. ஒரு லீற்றர் நீர் ஆவியாக எடுக்கும் வெப்பம், ஏழு லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது! ஆனால் மூடிய கூடாரத்தில் காற்று ஈரத்தால் நிறைந்துவிட்டால் நீர் ஆவியாவது குறைந்துவிடும். மேலும் மேலும் ஊற்றும் நீர் மண்ணில் தேங்கி, நாற்றின் அடித்தண்டை அழுகச் செய்யும். ஆகவே முதலில் காற்று, அடுத்து நிழல், அதன் பின்பே நீர் என்பதை மனதில் வையுங்கள்.

நீங்கள் செய்யக் கூடியவை

1. சூடான காற்று மேலெழும். எனவே கூரையின் உச்சியில் ஒரு திறப்பும், பக்கங்களில் தாழ்வான திறப்பும் வையுங்கள். பூச்சி வலை காற்றைத் தடுக்குமாதலால், வலை கட்டும் திறப்புகளை இன்னும் அகலமாக்குங்கள்.

2. நிழல் வலையையோ கிடுகையோ கூரைக்கு வெளியே, சற்று உயர்த்திக் கட்டுங்கள். உள்ளே கட்டினால் வெயில் ஏற்கெனவே நுழைந்துவிட்டிருக்கும்.

3. கறுப்புப் பைகள் வெப்பத்தை இழுத்து வேரைச் சுடும். அவற்றை நெருக்கமாக அடுக்கி, வெயில் படும் ஓரத்தைச் சாக்கினால் மறையுங்கள்.

4. காலையிலேயே நீர் ஊற்றுங்கள். வெயிலில் கிடந்த குழாயின் முதல் நீர் சுடும். அதை வெளியே விட்டுவிடுங்கள்.

5. நண்பகலில் இலை தொங்கினால் மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் நீர் வேண்டாம். காற்றும் நிழலும் கொடுங்கள். அஸர் வேளையில் கன்று தானாக நிமிரும்.

நிழலும் அளவோடுதான்

எப்போதும் நிழலில் வளரும் நாற்று, ஒளியைத் தேடி மெலிந்து நீளும். நடுவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பிருந்தே நிழலையும் நீரையும் சிறிது சிறிதாகக் குறைத்து, வெயிலுக்குப் பழக்குங்கள். அப்படிப் பழகிய கன்றுதான் தோட்டத்தில் கச்சானைத் தாங்கி நிற்கும்.